பன்னிரண்டாவது ஊசி

நாற்காலியின் கைப்பிடியில் சாக்பீஸால் 12 என்று எழுதிவிட்டு, ஊசியக்கா டைமரை இருபது நிமிடத்துக்குத் திருகி வைக்கிறார். "பன்னெண்டு உள்ள போயிருக்கு. பன்னெண்டும் வெளிய வந்தப்புறம்தான் எந்திரிக்கணும். நடுவுல யார் வந்து கூப்பிட்டாலும் அசையக் கூடாது, உங்க வீட்டுக்காரம்மாவே வந்தாலும் சரி." நாற்காலியில் சாய்ந்திருக்கும் காவலாளி தலையாட்டப் போகிறார். நெற்றியில் ஓர் ஊசி நிற்பது நினைவுக்கு வரவே, கண்ணை மூடித் திறந்து சம்மதம் சொல்கிறார். அதற்குள் அக்கா அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

அது தையல்காரர்கள் துணியில் கோடு போடும் தட்டையான சாக்பீஸ். இருபத்திரண்டு வருஷம் ஒரு துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, மற்றவர்களின் கால்சட்டைகளைக் குட்டையாக்கிக் கொடுத்தவர் ஊசியக்கா. நாற்பது வயதுக்கு மேல்தான் அக்குபஞ்சர் படித்துப் பரீட்சை எழுதினார். "அப்பவும் ஊசி, இப்பவும் ஊசி. துணி கத்தாது, ஆள் கத்தும். அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். பழைய தொழிலிலிருந்து சாக்பீஸோடு கூடவே வந்தது கீழே விழுந்த ஊசியைத் தேடும் ஒரு காந்தம். எண் எழுதும் பழக்கமும் வந்தது. வெட்டும் அளவில் பிசகு வரக் கூடாதென்று, ஒன்று என்ற எண்ணுக்குத் தலையில் கொக்கியும் காலில் கோடும் போட்டே எழுதுவார். ஞாபகத்தை அவர் நம்புவதில்லை. கைப்பிடியில் எழுதியதைத்தான் நம்புவார். டைமர் அடித்ததும் ஒவ்வொரு ஊசியாக வாய்விட்டு எண்ணிக் கழற்றி, எண் சரியாக வந்தால் குறுக்கே ஒரு கோடு இழுப்பார்.

யாரைத் தொடுவதற்கு முன்னாலும் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். கோடைக்காலத்திலும் இதை விடமாட்டார். "ஜில்லுன்னு கைய வெச்சா உடம்பு கதவைச் சாத்திக்கும். அப்புறம் வெளிய நின்னு தட்டிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்." மாத்திரை விஷயத்தில் மட்டும் கறார். டாக்டர் கொடுத்ததை நிறுத்திவிட்டு இங்கே வந்தேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், "அப்ப எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க. முழுங்கிட்டு வந்து உக்காருங்க" என்று விரட்டிவிடுவார். எண்பது வயதுக்காரர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு ஐம்பத்தாறு.

அறை, ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் இருக்கிறது. வாடகை கட்டச் சிரமப்படுகிறவர்கள், வயதானவர்கள், உடல் முடியாதவர்கள் என்று பார்த்து நலத்துறை கொடுத்த வீடுகள் அவை. அறை முன்னால் சலவை அறையாக இருந்தது. சலவை இயந்திரங்கள் பழுதாகிப் போன பிறகும் சோப்பு வாசனை போகவில்லை. எட்டு சாய்வு நாற்காலிகள், எட்டும் எட்டு வீட்டிலிருந்து வந்தவை. செவ்வாயும் வெள்ளியும் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, பேசாமல், சட்டைக் கையையும் கால்சட்டையையும் மடித்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடுவார்கள். ஒரு கால் இல்லாத எலெக்ட்ரீஷியன், இல்லாத முழங்காலில் வலிக்கிறது என்று வந்தார். அக்கா சிரிக்கவில்லை. "எந்தப் பக்கமா வலிக்குது?" என்று கேட்டு, இருக்கிற முழங்காலில் அதே இடத்தில் ஊசி வைத்தார். எலெக்ட்ரீஷியன் அதன்பிறகு ஒரு வாரம் கூட விட்டதில்லை.

ஊசி வைத்து முடித்த பிறகு வரும் இருபது நிமிடத்தில் அக்காவுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. அறையின் நடுவில் நின்று கூரையையே பார்ப்பார். புதிதாக வருகிறவர்கள், ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துத் தாங்களும் மேலே பார்ப்பார்கள். அது பிரார்த்தனை இல்லை. மேல் மாடிகளின் சத்தமெல்லாம் தண்ணீர்க் குழாய்கள் வழியாக அந்த அறைக்குள் இறங்கி வரும். இரண்டாம் மாடியில் ஒரு கைத்தடி. மூன்றாம் மாடியில் சக்கர நாற்காலி, சமையலறைக்கும் ஜன்னலுக்கும் போய்ப் போய் வருவது. லிஃப்ட் நின்று பதினோரு மாதமாகிறது. படி இறங்க முடிந்தவர்கள் கீழே நாற்காலியில் இருக்கிறார்கள். முடியாதவர்கள் மேலே வெறும் சத்தமாக இருக்கிறார்கள். அக்கா ஒவ்வொரு சத்தத்தையும் ஆள் பிரித்து அறிவார். சில நாள் டைமர் அடித்த பிறகும் பார்வையைக் கீழே இறக்க மாட்டார்.

இந்த ஏக்கத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. அவருடைய கூடப்பிறந்த அக்கா, மூட்டெல்லாம் வீங்கி, வேறொரு கட்டிடத்தின் ஆறாம் மாடியில் படுத்திருந்தவர். அவருடைய கையிலும் காலிலும்தான் இவர் ஊசி வைத்துப் பழகினார். சான்றிதழ் வந்ததும் வசதியானவர்கள் வரும் மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. வேலை முடிந்து வந்தால் ஆறு மாடி ஏறத் தெம்பிருக்காது. "இன்னைக்கு வருவியா?" என்று போன் வரும். "நாளைக்கு வரேன்க்கா" என்பார். அப்படிச் சொன்ன நாளைக்குகளில் பாதி வரவே இல்லை. அந்த அக்கா இறந்துபோன மறுமாதம் அந்த வேலையை விட்டுவிட்டு, நலத்துறை வாசலில் போய் நின்றார். காலியாகக் கிடந்த சலவை அறையைக் கேட்டு வாங்க ஒரு வருஷம் நடந்தார். இப்போது அது தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது.

நான்காம் மாடியிலிருந்து வரும் சத்தத்தில்தான் அவருடைய மனசு அதிகம் கிடக்கிறது. அங்கே இருப்பவர்கள் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரும் அவர் மனைவியும். அந்தம்மா ஒரு காலத்தில் டெலிபோன் ஆபரேட்டர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு ஒவ்வொரு சொல்லாக வருகிறது. லிஃப்ட் ஓடிய நாட்களில் சக்கர நாற்காலியில் இரண்டு முறை கீழே வந்தார். இரண்டாவது முறை, ஊசி கழற்றும்போது, அந்த வலது கையின் கட்டைவிரல் லேசாக அசைந்தது. அந்தம்மாதான் முதலில் பார்த்தார். "ஆடுது" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் லிஃப்ட் நின்றுவிட்டது.

அதன்பிறகு கண்டக்டர் மட்டும், தன் முழங்கால் வலிக்காக என்று சொல்லிக்கொண்டு, நான்கு மாடி இறங்கி வருகிறார். முழங்கால் வலிக்கு நான்கு மாடி ஏறி இறங்குவது எந்த ஊர் வைத்தியம் என்று அக்கா கேலி செய்வார். அவர் வருவது வேறொன்றுக்காக. கிளம்பும்போது தன் வலது கையை நீட்டுவார். அந்தம்மாவுக்கு எங்கெங்கே அழுத்த வேண்டும் என்று அக்கா அதே சாக்பீஸால் அவர் கையில் புள்ளி வைத்துவிடுவார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து அவர் மேலே போய்ச் சேர்வதற்குள் வியர்வையில் பாதிப் புள்ளிகள் அழிந்திருக்கும். "போன தடவை மூணுதான் மிஞ்சிச்சு. மிச்சத்தை குத்துமதிப்பா அழுத்தினேன். அவ முறைக்கிறா" என்று அடுத்த முறை வந்து சொல்வார்.

முப்பத்தைந்து வருஷம் பஸ்ஸில் ஓடியவர் என்பதால், சுவரில் எது ஒட்டியிருந்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவார். சலவை அறைச் சுவரில் நலத்துறை போட்ட பதினைந்து விதிகள் சட்டம் போட்டு மாட்டியிருக்கின்றன. அக்காவே அவற்றை முழுசாகப் படித்ததில்லை. கண்டக்டருக்கு எல்லாம் மனப்பாடம். நான்காவது விதி அக்காவுக்கும் தெரியும்: சிகிச்சை இந்த அறைக்குள் மட்டுமே. மீறினால் அறை திரும்பப் பெறப்படும். காப்பீடு அறைக்குத்தான், வீடுகளுக்குக் கிடையாதாம். அறை போனால் எட்டு நாற்காலியும் போகும், அதை நம்பி இறங்கி வரும் எண்பது பேரும் போவார்கள். அதனால்தான் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதோடு சரி.

போன மாதம் நலத்துறையிலிருந்து வரும் சின்னப் பெண் அதிகாரி ஒரு நல்ல சேதி கொண்டுவந்தார். "அக்கா, அடுத்த மாசம் முதல் வியாழக்கிழமை கமிட்டி உக்காருது. கீழ வர முடியாதவங்களை வீட்டுக்கே போய்ப் பாக்க அனுமதி கேட்டிருக்கோம். நான்தான் பேசப்போறேன். மூணு வருஷத்துல ஒரு தப்பு கூட நடக்கலைன்னு சொன்னாத்தான் காது குடுத்துக் கேப்பாங்க. அதுவரைக்கும் பாத்துப் பண்ணுங்க." அக்கா அன்றிலிருந்து ஊசியை இரண்டு முறை எண்ண ஆரம்பித்தார்.

அந்த வியாழனுக்கு முந்தின செவ்வாய். கடைசிச் சுற்று முடிந்து எல்லோரும் போன பிறகு, அவர் வழக்கம்போலக் கணக்கு பார்க்க உட்கார்ந்தார். ஒவ்வோர் ஊசியும் தனித்தனிக் காகித உறையில் வரும். உறைகள் ஒரு பக்கம், தட்டில் கிடக்கும் ஊசிகள் ஒரு பக்கம். ஊசிகளை இடுக்கியால் எடுத்து எண்ணிப் பெட்டிக்குள் போடுவது வழக்கம். அன்று உறை இருநூற்றுப் பன்னிரண்டு. ஊசி இருநூற்றுப் பதினொன்று.

திரும்ப எண்ணினார். அதே கணக்குதான். காந்தத்தை எடுத்துக்கொண்டு மண்டியிட்டுத் தரை முழுக்கத் துழாவினார். ஒரு தாள் குண்டூசியும் யாரோ தொலைத்த ஊக்கும் ஒட்டின. அப்புறம் நாற்காலி நாற்காலியாகக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜன்னலோர நாற்காலியில் 11 என்று இருந்தது, குறுக்கே அவர் இழுத்த கோடும் இருந்தது. முதல் ஒன்றுக்குக் கொக்கியும் காலும் இருந்தன. இரண்டாவது ஒன்று வெறும் குச்சி. குனிந்து பார்த்தால், குச்சிக்குக் கீழே தேய்த்து அழித்த ஒரு இரண்டு மங்கலாகத் தெரிந்தது. கடைசிச் சுற்றில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்டக்டர். உச்சந்தலையில் ஓர் ஊசி வைத்தது அப்போதுதான் அக்காவுக்கு ஞாபகம் வந்தது. தலையோடு படுத்தாற்போல் நிற்கும் ஊசி, நரைமுடிக்குள் தெரியாது. போகும்போது அவர் தொப்பி போட்டுக்கொண்டு போனார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். சாக்பீஸ் தட்டு கண்டக்டர் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. இந்த மனுஷன் ஏன் இப்படிச் செய்தார் என்று புரியவில்லை. பையை எடுத்துக்கொண்டார், தவறு நடந்தால் எழுத வேண்டிய படிவத்தையும் எடுத்துக்கொண்டார். மூன்று வருஷமாக ஒரு தாள் கூடக் கிழிக்காத கட்டு அது. படி ஏற ஆரம்பித்தார். மூன்று வருஷத்தில் அந்தப் படிகளில் அவர் கால் வைத்ததே இல்லை. இரண்டாம் மாடியில் கைத்தடிச் சத்தம் ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. நின்று கேட்க நேரமில்லை.

நான்காம் மாடிக் கதவு திறந்தே இருந்தது. கண்டக்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார், முடி வெட்டிக்கொள்ள வந்தவரைப் போல. "மேலயேதான் இருக்கு. எடுத்துக்கங்க. வலியெல்லாம் இல்ல" என்றார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, ஊசியைப் பஞ்சு வைத்துக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து நுனி உடைந்திருக்கிறதா என்று பார்த்தார். முழுசாக இருந்தது. "பன்னெண்டு" என்றார். அப்புறம்தான் குரல் எழும்பியது. "தெரிஞ்சுதான் பண்ணீங்களா? மடிஞ்சு உள்ள போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"பதினோராவது விதி" என்றார் கண்டக்டர், தரையைப் பார்த்தபடியே. சின்ன வயதில் ஒப்பித்ததைப் போல ஒப்பித்தார். "சிகிச்சையினால் குறை ஏதேனும் நேர்ந்தால், சிகிச்சையாளர் நோயாளி இருக்கும் இடத்துக்கு உடனே நேரில் சென்று பார்க்க வேண்டும். நோயாளி இருக்குற இடம்னு போட்டிருக்கு, அக்கா. அறைன்னு போடல. நாலாவது விதிக்கு இது ஒண்ணுதான் வழி விட்டிருக்கு. நான் எல்லாத்தையும் பாத்துட்டேன்."

அப்போதுதான் அக்கா அறையைத் திரும்பிப் பார்த்தார். கட்டிலில் புது விரிப்பு. தலையணையை முட்டுக்கொடுத்து அந்தம்மாவைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார் கண்டக்டர். தலை வாரியிருந்தது. வலது சட்டைக் கை முழங்கை வரைக்கும் மடித்துவிடப்பட்டு, அந்தக் கை ஒரு வெள்ளைத் துண்டின் மேல் வைக்கப்பட்டிருந்தது. இரண்டு பாதங்களும் கழுவித் துடைத்து வெளியே தெரிந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில், சரியாகக் கை எட்டும் தூரத்தில், ஒரு காலி முக்காலி. பதினோரு மாதமாக இந்த அறை இப்படித் தயாராகவே இருந்ததோ என்று அக்காவுக்குத் தோன்றியது.

"வந்துட்ட" என்றார் அந்தம்மா. கொஞ்ச நேரம் கழித்து மிச்சத்தையும் சொன்னார். "உன் கை... சூடா இருக்கும்."

அக்காவுக்குக் கோபம் போகவில்லை. அவர் முக்காலியில் உட்காரவில்லை. "கண்டக்டரய்யா, நாளை மறுநாள் கமிட்டி. ஒரு தப்பும் இல்லைன்னு அந்தப் பொண்ணு போய் நிக்கப்போகுது. இப்ப நான் இந்த படிவத்தை எழுதியாகணும். தலையில ஊசிய விட்டுட்டு அனுப்பிட்டாங்கன்னு எழுதினா, வீட்டுக்குப் போக அனுமதி குடுப்பாங்களா? மேல இருக்குற எல்லாருக்கும் சேத்துத்தான் கேட்டுக்கிட்டு இருந்தோம்."

கண்டக்டரின் முகம் விழுந்துவிட்டது. இது அவர் படித்த பதினைந்து விதிகளிலும் இல்லை. "நான் இவள மட்டும்தான் நெனச்சேன்" என்றார். பிறகு, "எழுதாம விட்டுருங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றார்.

"எழுதாம விட்டா அது பொய். நாளைக்கு வேற யாருக்காவது நெஜமாவே ஒண்ணு ஆச்சுன்னா என் எழுத்தை யார் நம்புவாங்க?" படிவத்தை எடுத்துக் கட்டிலின் ஓரத்தில் வைத்து எழுத ஆரம்பித்தார். தேதி, நேரம், எந்த இடத்து ஊசி. இவையெல்லாம் சீக்கிரம் முடிந்தன. தவறு நேர்ந்ததன் காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. அந்தப் பெட்டியில் எல்லோரும் 'கவனக்குறைவு' என்று ஒரு சொல்லில் முடிப்பார்கள், அதற்குத்தான் இடமும் விட்டிருந்தார்கள். அக்கா பொடியாக எழுத ஆரம்பித்து, பெட்டி நிறைந்து, ஓரத்தில் ஏறி, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டினார்.

"இவருடைய மனைவிக்கு எங்கள் அறையில் இரண்டு முறை சிகிச்சை கொடுத்தோம். இரண்டாம் முறை வலது கட்டைவிரல் அசைந்தது. அதன் பிறகு லிஃப்ட் நின்று பதினோரு மாதமாகிறது. அவரால் கீழே வர முடியவில்லை. எனக்கு மேலே போக அனுமதி இல்லை. என்னை மேலே வரவழைக்க வேறு வழி தெரியாமல், எழுபத்தோரு வயதான இவர் ஊசியை வேண்டுமென்றே தலையில் வைத்துக்கொண்டு நான்கு மாடி ஏறினார். கைப்பிடியில் எழுதிய எண்ணை நான் சரியாகப் பார்க்கவில்லை. அது என் தவறு. இந்தக் கட்டிடத்தில் கீழே வர முடியாதவர்கள் இன்னும் பதினேழு பேர்."

பதினேழு என்று அவர் யாரையும் கேட்டு எழுதவில்லை. மூன்று வருஷம் கூரையைப் பார்த்து எண்ணியது. கண்டக்டர் தாளை வாங்கி இன்னொரு தடவை படித்தார். "இத அப்படியே கமிட்டில வெப்பாங்களா?" என்றார். "வெச்சுத்தான் ஆகணும். தப்பு நடந்தா அந்தப் படிவத்தைக் கமிட்டி முன்னாடி முழுசாப் படிக்கணுமாம். அந்தப் பொண்ணு முதல் நாளே சொல்லிருக்கு" என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. படித்தபிறகு அவர்கள் அறையைப் பிடுங்கிக்கொள்ளவும் கூடும். அதையும் சொன்னார்.

தாளின் அடியில் ஓர் இடம் காலியாக இருந்தது. சாட்சி கையெழுத்து. கண்டக்டர் பேனாவைத் திறந்தார்.

"நீங்க நோயாளி. உங்களுக்கு நீங்களே சாட்சி போட முடியாது" என்றார் அக்கா. இருவரும் கட்டில் பக்கம் திரும்பினார்கள். அந்தம்மா இடது கையை நீட்டினார்.

"வலது கையிலதான அம்மா உங்க கையெழுத்து?" என்றார் அக்கா. பேனாவை அந்த வலது கையில் வைத்தார். பேனா உருண்டு துண்டின் மேல் விழுந்தது. திரும்ப வைத்தார், திரும்ப விழுந்தது. அக்கா கண்டக்டரைப் பார்த்துக் கேட்டார். "கையெழுத்துப் போடுறவங்க கைய, போட்டு முடிக்கிற வரைக்கும் பிடிச்சுக்கக் கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. ஒன்றிலிருந்து பதினைந்து வரைக்கும் போய் வர அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

"இல்லக்கா" என்றார். "அப்படி ஒண்ணு இல்ல."

அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து டைமரை எடுத்து, இருபதுக்குத் திருகி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு உள்ளங்கைகள் இரண்டையும் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தார்.